எஞ்சின் 3 லட்சம் மைல் ஓடுது... கியர்பாக்ஸ் மட்டும் ஏன் பாதியில படுத்துடுது? பழைய அமெரிக்க டீசல் பிக்கப்களின் 'ஆட்டோமேட்டிக்' கதை

டெக்சாஸில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சமீபத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பினார். 2001 மாடல் டாட்ஜ் ராம் 2500. கம்மின்ஸ் டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஓனர் எழுதியிருந்த விவரத்தில் ரெண்டு வரிதான் முக்கியம். ஒன்று, எஞ்சினைப் பிரித்ததே இல்லை. இன்னொன்று, ட்ரான்ஸ்மிஷன் இரண்டு முறை ரீபில்ட் ஆகிவிட்டது.

நண்பரின் கேள்வி: "எஞ்சினைத் தொடவே இல்லையாம். கியர்பாக்ஸை மட்டும் ரெண்டு தடவை பிரிச்சிருக்காங்க. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?"

அவருக்கு இது சும்மா ஆசைக்கு வாங்கும் வண்டி இல்லை. மனைவி, ரெண்டு குழந்தைகளோடு டிராவல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கொலராடோ மலைப்பக்கம் போக வேண்டும் என்பது திட்டம். வழியில் கியர்பாக்ஸ் கைவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. நியாயமான கவலை.

பொலேரோ பிக்கப்பும் டாடா ஏஸும் பார்த்து வளர்ந்த நமக்கு 'பிக்கப்ல ஆட்டோமேட்டிக்' என்பதே கொஞ்சம் புதுசு. அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே பழைய டீசல் பிக்கப் விளம்பரங்களைத் தொடர்ந்து பார்த்தால் இதே வரி திரும்பத் திரும்ப வரும்: எஞ்சின் ஒரிஜினல், ட்ரான்ஸ்மிஷன் ரீபில்ட். அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள், பெருமையாகச் சொல்வார்கள். ஏன் இப்படி?

டிராக்டர் எஞ்சின், கார் கியர்பாக்ஸ்

கதை 1989 மாடலில் தொடங்குகிறது. கிரைஸ்லர் நிறுவனம் தன் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சினை வைத்தது. அது பிக்கப்புக்காகப் பிறந்த எஞ்சினே இல்லை. விவசாய இயந்திரங்கள், கட்டுமான இயந்திரங்கள், நடுத்தர லாரிகளுக்காக வடிவமைக்கப்பட்ட 'பி' சீரிஸ் எஞ்சின் அது. டிராக்டர் கம்பெனியான கேஸுடன் கூட்டு சேர்ந்துதான் கம்மின்ஸ் அதை வட கரோலைனாவில் தயாரித்தது. இதே குடும்பத்து 5.9 லிட்டர் எஞ்சினைத்தான் ஜம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரித்து டாடா லாரிகளில் வைத்தது. அதனால் இதன் உறுமல் நம்ம நெடுஞ்சாலைகளுக்கும் பழக்கமான சத்தம்தான்.

எடை மட்டும் சுமார் 500 கிலோ. 160 குதிரைத்திறன். கேட்க ஒன்றும் பெரிதாக இல்லை, இல்லையா? ஆனால் டார்க் 400 பவுண்டு-அடி, அதாவது சுமார் 540 நியூட்டன் மீட்டர். அதுவும் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழேயே முழுசாக வந்துவிடும். லாரி வேலைக்கான எஞ்சின் பிக்கப்புக்குள் வந்ததால், அதற்கு அது கிட்டத்தட்ட ஓய்வு வாழ்க்கை. லட்சக்கணக்கான மைல் ஓடுவதில் ஆச்சரியமே இல்லை.

அந்த எஞ்சினுக்குப் பின்னால் கிரைஸ்லர் மாட்டிய ஆட்டோமேட்டிக் எது? டார்க்ஃப்ளைட் 727. 1962-ல் வந்த மூன்று கியர் பெட்டி. பெட்ரோல் வி8 கார்களுக்காகச் செய்தது. அந்த வேலைக்கு அது அருமையான கியர்பாக்ஸ், அதில் சந்தேகமே வேண்டாம். அந்தக் காலத்து மஸில் கார்களின் பெரிய எஞ்சின்களையே தாங்கியது. ஆனால் பெட்ரோல் எஞ்சினில் டார்க் ஆர்பிஎம் ஏற ஏறத்தான் வரும். டீசல் டர்போ அப்படியில்லை, தரைமட்டத்திலிருந்தே பிடித்துத் தள்ளும். அதோடு ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்பும் ஒரு சுத்தியல் அடி மாதிரி. டிரெய்லரும் சேர்ந்துவிட்டால் அந்த அடி மணிக்கணக்கில் விழும்.

பிறகு அந்தப் பெட்டியின் பின்பக்கம் ஓவர்டிரைவ் கியர் ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் வழியாக 1994-ல் 47ஆர்ஹெச், 1996-ல் 47ஆர்இ, 2003-ல் 48ஆர்இ என்று வந்தன. பெயரைப் பிரித்துப் படிப்பது ஈஸி. முதல் எண் எத்தனை கியர். இரண்டாவது எண் பலத்தின் தரவரிசை. 'ஆர்' என்றால் பின்சக்கர இயக்கம். 'ஹெச்' என்றால் ஹைட்ராலிக், 'இ' என்றால் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு. ஒவ்வொரு முறையும் உள்ளே பலப்படுத்தினார்கள். ஆனால் வேர் அதே 1962 வேர்தான்.

டாட்ஜை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் போயின. ஃபோர்டு 1966-ல் வந்த தன் மூன்று கியர் சி6 வடிவமைப்பை எடுத்து, ஓவர்டிரைவும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடும் சேர்த்து 1989-ல் ஈ4ஓடி ஆக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1964-ல் வந்த டர்போ ஹைட்ராமேடிக் 400-ஐ அதே மாதிரி மாற்றி 1991-ல் 4எல்80ஈ கொண்டுவந்தது. அறுபதுகளின் கார் காலத்தில் பிறந்த மூன்று பெட்டிகளும் தொண்ணூறுகளின் டீசல் பந்தயத்தில் மாட்டிக்கொண்டன.

கம்பெனிக்கே தெரியும்!

இந்தப் பெட்டிகளின் எல்லை கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆதாரம் அவர்கள் விளம்பரக் கையேட்டிலேயே இருக்கிறது.

1996 ராம் பிக்கப்பை மேனுவல் கியரோடு வாங்கினால் 215 குதிரைத்திறன், 440 பவுண்டு-அடி டார்க். அதே எஞ்சினை ஆட்டோமேட்டிக்கோடு வாங்கினால் 180 குதிரைத்திறன், 420 பவுண்டு-அடி. 2001-ல் இந்த இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். 245 குதிரைத்திறன், 505 பவுண்டு-அடி கொண்ட 'ஹை அவுட்புட்' எஞ்சின் வேண்டுமானால் ஆறு கியர் மேனுவல் மட்டும்தான். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் 235, 460-தான். ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக்கிலும் அதே காலகட்டத்தில் மேனுவலுக்கு 275 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்குக் 250.

ஒரே எஞ்சின். கியர்பாக்ஸுக்காகப் பலத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர்களில் பலர் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம்.

உள்ளே என்னதான் நடக்குது?

மேனுவல் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கிளட்ச் பிளேட் நேரடியாகப் பிடித்திருக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அதன் காற்றில் இன்னொன்றும் சுற்றும் இல்லையா? அதே கதைதான். காற்றுக்குப் பதில் ஆயில். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒன்று இருந்து, திரும்பி வரும் ஆயிலைச் சரியான கோணத்தில் திருப்பிவிட்டு, வண்டி கிளம்பும் நேரத்தில் டார்க்கைப் பெருக்கிக் கொடுக்கும். அதனால்தான் பாரத்தோடு சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆட்டோமேட்டிக் அவ்வளவு வழவழப்பாகக் கிளம்புகிறது.

சிக்கல் என்னவென்றால், ஆயில் வழியாகத் தள்ளும்போது ஒரு பகுதி நழுவும். அந்த நழுவல் எல்லாம் சூடாக மாறும். எவ்வளவு? ஒரு எளிய கணக்கு: 160 குதிரைத்திறன் என்றால் சுமார் 120 கிலோவாட். மேட்டில் முழு மூச்சில் ஏறும்போது அதில் 10 சதவீதம் நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோவாட். வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் கீசரைப் போல ஆறு கீசர்கள், இடைவிடாமல் அந்த ஆயிலைச் சூடாக்கிக்கொண்டிருக்கின்றன.

இதைத் தவிர்க்கத்தான் கன்வெர்ட்டருக்குள்ளேயே 'லாக்-அப்' கிளட்ச் இருக்கிறது. ஹைவேயில் சீராகப் போகும்போது அது பிடித்துக்கொள்ளும். நழுவல் பூஜ்யம், சூடும் குறைவு. ஆனால் 47ஆர்இ போன்ற பெட்டிகளில் இந்த லாக்-அப் மூன்றாவது, நான்காவது கியர்களில்தான் வரும். இப்போது காட்சியை யோசித்துப் பாருங்கள். பின்னால் டிரெய்லர், முன்னால் நீண்ட மலை ஏற்றம், வண்டி இரண்டாவது கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் முக்கிக்கொண்டு ஏறுகிறது. எப்போது லாக்-அப் மிகவும் தேவையோ அப்போதுதான் அது கிடைக்காது.

கன்வெர்ட்டருக்கு அடுத்து கிளட்ச் பேக்குகள். காகித நார் கலந்த மெல்லிய பிளேட்டுகளின் அடுக்கு. எந்த கியர் வேண்டுமோ அதற்கான அடுக்கை ஆயில் அழுத்தம் இறுக்கிப் பிடிக்கும். அழுத்தம் போதவில்லை என்றால் பிளேட் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூட்டில் பிளேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அதன் பிறகு இன்னும் வழுக்கும். இந்தச் சுழலுக்குள் போன கியர்பாக்ஸ் தானாகத் திரும்பி வராது.

20 டிகிரி கணக்கு

ஆட்டோமேட்டிக் ஆயிலை நம்மில் பலர் வெறும் 'கிரீஸ் வேலை' என்று நினைக்கிறோம். அது செய்வது நாலு வேலை. டார்க்கைக் கடத்துகிறது, கிளட்ச்சை இறுக்குகிறது, பாகங்களைக் குளிரவைக்கிறது, உராய்வைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் ஆயில் கெட்டால் நாலும் கெடும்.

அமெரிக்க ட்ரான்ஸ்மிஷன் ஒர்க்‌ஷாப்களில் நெடுநாளாகச் சொல்லப்படும் ஒரு மனக்கணக்கு உண்டு. ஆயில் 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 80 டிகிரி செல்சியஸில் வேலை செய்தால் ஒரு லட்சம் மைல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் ஆயுள் பாதியாகும். 195-ல் 50,000 மைல். 215-ல் 25,000. 235-ல் 12,500. இது ஒரு தோராயக் கணக்குதான், சாதாரண மினரல் ஆயிலை வைத்துச் சொல்வது, சிந்தெடிக் ஆயில் இதைவிடத் தாங்கும். ஆனாலும் வளைவின் போக்கைப் பாருங்கள். சூடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது, ஆயுள் பாதி பாதியாகச் சரிகிறது.

இதனால்தான் ஓடோமீட்டர் எண்ணை வைத்து பழைய டீசல் ஆட்டோமேட்டிக்கை எடைபோட முடியாது. 2.5 லட்சம் மைல், பெரும்பாலும் சமவெளி ஹைவே, லாக்-அப்பில் குளுகுளு என்று ஓடிய வண்டி. 90,000 மைல் மட்டுமே ஓடி, அந்தக் காலம் முழுக்க மலையில் குதிரை டிரெய்லர் இழுத்த வண்டி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் நான் முதல் வண்டியைத்தான் பார்ப்பேன்.

ஃபோர்டு 7.3 வண்டிக்காரர்கள் மத்தியில் பிரபலமான ஒரு வேலை உண்டு. பிறகு வந்த 6.0 லிட்டர் பிக்கப்பின் பெரிய ட்ரான்ஸ்மிஷன் கூலரை வாங்கித் தங்கள் பழைய வண்டியில் மாட்டிக்கொள்வார்கள். கியர்பாக்ஸைத் திறக்கவே வேண்டாம். சூட்டைக் குறைத்தாலே பாதிப் பிரச்சனை போய்விடும் என்பது அவர்கள் அனுபவம். ஒரு தெர்மாமீட்டர் கேஜ் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். பழைய வண்டிகளில் பலவற்றில் ட்ரான்ஸ்மிஷன் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. தெரியாத ஒன்றை எப்படிக் கவனிப்பது?

ஒரு கேபிள், ஒரு ஆல்டர்னேட்டர், ஒரு 'பார்க்'

இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோது என்னை அதிகம் ஆச்சரியப்படுத்திய பகுதி இதுதான். பெரிய உடைசல்களுக்குப் பின்னால் பல நேரம் மிகச் சின்ன காரணங்கள் இருக்கின்றன.

டாட்ஜின் 47 குடும்பத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு மெல்லிய கேபிள் போகும். எஞ்சின் எவ்வளவு பாரத்தில் இருக்கிறது என்பதை அதுதான் கியர்பாக்ஸுக்குச் சொல்லும், அதை வைத்துத்தான் ஆயில் அழுத்தம் கூடும், குறையும். அந்தக் கேபிள் கொஞ்சம் தளர்ந்து இருந்தால் கியர்கள் பட்டு மாதிரி மாறும். 'ஆஹா, என்ன ஸ்மூத்!' என்று ஓட்டுபவர் சந்தோஷப்படுவார். உண்மையில் அழுத்தம் போதாமல் பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டிருக்கும். அந்த ஸ்மூத்தே ஆபத்தின் அறிகுறி.

அடுத்தது ஆல்டர்னேட்டர். 1990-களின் கடைசியிலிருந்து வந்த 24 வால்வ் கம்மின்ஸ் வண்டிகளில் ஒரு வினோத நோய் வரும். ஹைவேயில் போகும்போது லாக்-அப் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். கியர்பாக்ஸ் போச்சு என்று நினைப்பார்கள். பல வண்டிகளில் குற்றவாளி ஆல்டர்னேட்டரிலிருந்து கசியும் மின் இரைச்சல். அது ஆக்ஸிலரேட்டர் சென்சார் சிக்னலில் கலந்து கம்ப்யூட்டரைக் குழப்பிவிடும். டயோடையோ எர்த் ஒயரையோ சரிசெய்தால் நோய் போய்விடும். ஃபோர்டு ஈ4ஓடி-யிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. கியர் லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சின்ன சென்சார் தேய்ந்தால், கியர்கள் தாறுமாறாக மாறும். இது தெரியாமல் முழுப் பெட்டியையும் பிரித்தவர்கள் எத்தனை பேரோ.

மூன்றாவது, 'பார்க்' நிலை. இந்தப் பழைய டாட்ஜ் பெட்டிகளில் லீவர் பார்க்கில் இருக்கும்போது ஆயில் கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் சரியாகச் சுற்றாது. குளிர் நாட்டில் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, பார்க்கிலேயே கால் மணி நேரம் சூடேற விடுவது பழக்கம். எஞ்சின் சூடாகும், கியர்பாக்ஸ் ஆயில் சுற்றாமல் காத்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நியூட்ரலில் சூடேற்றுவார்கள். ஆயில் அளவை டிப்ஸ்டிக்கில் பார்ப்பதும் நியூட்ரலில்தான். மற்ற கம்பெனி வண்டிகளில் பழகியவர்கள் இங்கே பார்க்கில் போட்டு அளவு பார்த்துத் தப்புக் கணக்குப் போடுவது சகஜம்.

சரி, குற்றம் யார் மேல?

முன்னே விட்ட இடத்துக்கு வருவோம். கம்பெனி பலத்தைக் குறைத்துக் கொடுத்தது. ஓனர்கள் என்ன செய்தார்கள்? கூட்டினார்கள்.

1994 முதல் 1998 வரை வந்த 12 வால்வ் கம்மின்ஸில் இருந்த மெக்கானிக்கல் டீசல் பம்ப், சாதாரணக் கருவிகளை வைத்தே கூடுதல் டீசல் ஊற்றும்படி மாற்றக்கூடியது. பிறகு வந்த எலெக்ட்ரானிக் எஞ்சின்களுக்கு 'சிப்' வந்தது. மாட்டினால் போதும், டார்க் எகிறும். எஞ்சின் சிரித்துக்கொண்டே தாங்கும். 460 பவுண்டு-அடிக்காக அளந்து வைத்த கியர்பாக்ஸ் தாங்குமா? பிளேட் வழுக்கும், லாக்-அப் கருகும், இன்னும் கொஞ்சம் முறுக்கினால் உள்ளே போகும் இன்புட் ஷாஃப்ட்டே முறிந்துபோன கதைகள் உண்டு.

ஆக, 'இந்த கியர்பாக்ஸ் வேஸ்ட்' என்ற பேச்சில் பாதி, கூடுதல் பலம் ஏற்றியவர்களின் அனுபவம். கம்பெனி நிலையில், அளவான பாரத்தோடு, நேரத்துக்கு ஆயில் மாற்றி ஓட்டியவர்கள் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. அதற்காக வடிவமைப்பில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒற்றை பிளேட் லாக்-அப், பழைய அழுத்தக் கணக்கு, காட்டி எச்சரிக்க ஒரு கேஜ்கூட இல்லாதது, இதெல்லாம் ஓனரின் தப்பு கிடையாது.

மேனுவல்தான் சாகாவரம் பெற்றதா என்றால் அதுவும் இல்லை. அதே ராம் பிக்கப்களில் வந்த என்வி4500 மேனுவல் பெட்டியில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து, அந்த கியரே காணாமல் போவது ஊரறிந்த பிரச்சனை. ஃபோர்டின் 2003 கதையோ தலைகீழ். 6.0 லிட்டர் எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கட், ஈஜிஆர் கூலர் என்று பெயர் கெட்டுப்போனது. அதன் பின்னால் இருந்த ஐந்து கியர் டார்க்‌ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக்குக்கு நல்ல பெயர்!

ஆட்டத்தை மாற்றிய அலிசன்

2001-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியில் போனது. புது 6.6 லிட்டர் டுராமேக்ஸ் டீசலுக்கு, பஸ்களுக்கும் லாரிகளுக்கும் ஆட்டோமேட்டிக் செய்யும், அப்போது தன் சொந்தப் பிரிவாகவே இருந்த அலிசனின் '1000' சீரிஸ் ஐந்து கியர் பெட்டியை மாட்டியது. (சென்னை பக்கத்தில் ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அதே அலிசன்தான்.) கார் பெட்டியைப் பலப்படுத்தும் வேலை இங்கே கிடையாது, லாரி உலகத்திலிருந்து இறங்கி வந்த வடிவமைப்பு. எஞ்சின் ஆயில் ஃபில்டர் மாதிரி வெளியிலிருந்தே கழற்றி மாட்டும் ஃபில்டர். டிரெய்லர் இழுப்பதற்குத் தனி மோடு, அதில் இறக்கத்தில் தானாகவே கியர் குறைத்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி.

அதைவிட முக்கியம், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் குணம். உள்ளே போகும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் ஒப்பிட்டு, கிளட்ச் வழுக்குகிறது என்று தெரிந்தால் உடனே 'லிம்ப் மோடு'க்குப் போய்விடும். வண்டி நொண்டும், ஆனால் பிளேட் கருகாது. சிப் மாட்டிய டுராமேக்ஸ் ஓனர்கள் இதைத் திட்டுவார்கள். திட்டட்டும், அது தன் வேலையைத்தானே செய்கிறது.

போட்டி சூடுபிடித்தது. 2007-ன் நடுவில் டாட்ஜ் 6.7 லிட்டர் கம்மின்ஸோடு 68ஆர்எஃப்இ என்ற ஆறு கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. 2013-ல் ராம் நிறுவனம் ஜப்பானின் ஐசின் பெட்டியையும் பிக்கப்பில் சேர்த்தது. அந்த வருட எண்களை 2001-ஓடு ஒப்பிட்டால் சுவாரஸ்யம்: ஐசின் ஆட்டோமேட்டிக்கோடு 850 பவுண்டு-அடி, 68ஆர்எஃப்இ-யோடு 800, மேனுவலோடு 660. பலம் குறைத்துக் கொடுக்கப்பட்டது இப்போது மேனுவலுக்கு! 2018 மாடலோடு ராம் மேனுவல் கியரையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப்பில் மேனுவல் அதோடு முடிந்தது.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை

ஏற்றத்தில் கியர்பாக்ஸ் போனால் வண்டி நிற்கும். பணம் போகும், டூர் கெடும், அவ்வளவுதான். இறக்கத்தில் விஷயமே வேறு.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் த்ராட்டில் மூடி, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இந்தப் பழைய டீசல்களில் அந்த மூடியே கிடையாது, இயல்பான எஞ்சின் பிரேக்கிங் குறைவு. அதற்காக எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக மாட்டிக்கொள்வார்கள். ஆனால் அது உருப்படியாக வேலை செய்ய டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகியிருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டதுமே கம்ப்யூட்டர் லாக்-அப்பையும் விட்டுவிட்டால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மறுபடி வெறும் ஆயில். மொத்த பாரமும் பிரேக் மீது.

நண்பர் போக ஆசைப்படும் கொலராடோவில், ஐ-70 சாலை ஐசன்ஹவர் சுரங்கத்தில் 11,000 அடிக்கு மேல் ஏறி, 7 சதவீதம் வரை சரிவோடு இறங்குகிறது. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகவே ஓரத்தில் சரளைக்கல் மேடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வலுவான லாக்-அப் கொண்ட கியர்பாக்ஸ் அந்தச் சரிவில் பிரேக்கின் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். குழந்தைகள் பின்சீட்டில் இருக்கும்போது இது சின்ன விஷயமா?

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

'ரீபில்ட்' என்ற ஒற்றை வார்த்தையை வைத்து முடிவெடுக்க முடியாது. அந்த வார்த்தைக்குள் ரெண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. தேய்ந்த பிளேட்டையும் சீலையும் மாற்றி, பழைய கன்வெர்ட்டரையே திரும்ப மாட்டுவதும் ரீபில்ட்தான். அழுத்தத்தை உயர்த்திய வால்வ் பாடி, மூன்று பிளேட் லாக்-அப் கன்வெர்ட்டர், பலமான ஷாஃப்ட் என்று குறையைப் புரிந்து கட்டுவதும் ரீபில்ட்தான். முதல் வகை, அதே இடத்தில் அதே மாதிரி மறுபடி உடையும். இரண்டாவது வகைக்கு சில ஆயிரம் டாலர்கள் ஆகும், பழைய வண்டியின் விலையில் அது பெரும் பங்கு. அதனால் பில்லைக் கேட்பதுதான் முதல் வேலை. எந்தெந்தப் பாகம் மாறியது, கூலர் கழுவப்பட்டதா, புதுசா? பழைய கூலருக்குள் தங்கிய உலோகத் தூள் புதுப் பெட்டியையும் கெடுத்துவிடும்.

வண்டியை ராத்திரி முழுக்க நின்ற நிலையில், குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓனர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பாதி நோய் மறைந்துவிடும். 'டிரைவ்' போட்டதும் கியர் விழச் சில நொடிகள் எடுத்தால் யோசியுங்கள். ரிவர்ஸில் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக, கருகின வாடையோடு இருந்தால் உள்ளே பிளேட் எரிந்திருக்கிறது. ஆயில் பேனைக் கழற்ற ஓனர் சம்மதித்தால் இன்னும் நல்லது. அடியில் மெல்லிய சாம்பல் படிவம் இயல்பு. மின்னும் உலோகச் செதில்கள் இயல்பில்லை.

ஹைவேயில் ஒரு சின்ன சோதனை உண்டு. ஓவர்டிரைவில் சீராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்து, இடது காலால் பிரேக்கை லேசாக, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக்-அப் விடுபட்டு ஆர்பிஎம் கொஞ்சம் ஏற வேண்டும், காலை எடுத்ததும் திரும்ப இறங்க வேண்டும். எதுவுமே மாறவில்லை என்றால் லாக்-அப் முதலிலேயே பிடிக்கவில்லை என்று அர்த்தம். பின்னால் யாரும் ஒட்டி வராத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

'பழைய ஆயிலை மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்' என்று ஒரு பயம் எல்லா ஊரிலும் உண்டு. ஏற்கெனவே பிளேட் தேய்ந்து, ஆயிலில் மிதக்கும் தூளின் உதவியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி, புது ஆயிலில் வழுக்கலாம். அங்கே கொன்றது புது ஆயில் இல்லை, மாற்றாமல் விட்ட பழைய வருடங்கள். பேனை மட்டும் கழற்றி ஊற்றினால் பாதிகூட மாறாது என்பதையும் ஞாபகம் வையுங்கள், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். வண்டிக்குக் கம்பெனி சொன்ன வகை ஆயில்தான், கடையில் இருக்கும் ஏதோ ஒன்று இல்லை.

இதையெல்லாம் நண்பருக்கு நீளமான வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். அந்த சனிக்கிழமை அவர் வண்டியைப் பார்க்கப் போனார். ஓனர் நல்ல மனிதர், ரெண்டாவது ரீபில்டின் பில்லை எடுத்து வைத்திருந்தார். மூன்று பிளேட் கன்வெர்ட்டர், வால்வ் பாடி, புது கூலர் எல்லாம் அதில் இருந்தன. முதல் ரீபில்டுக்கு பில் இல்லை. "அது அதே மாதிரி பெட்டிதான், 30,000 மைல்ல போச்சு" என்றாராம்.

பிறகு ஆயில் காட்டுகிறேன் என்று பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓட, டிப்ஸ்டிக்கை உருவியிருக்கிறார். லீவர் பார்க்கில் இருந்தது. நண்பர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு மாற்றி, இன்னொரு முறை உருவச் சொன்னார். அளவு சரி, நிறம் சிவப்பு. பிரேக் தொடும் சோதனையை அடுத்த வாரம் ஹைவேயில் செய்து பார்த்துவிட்டு விலை பேசுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.